மூட்டை மருதாசலத்தின் மலைப்பாதை

திருப்பூர் நல்லூரில் போய் மருதாசலம் வீடு எது என்று கேட்டால், எந்த மருதாசலம் என்று திருப்பிக் கேட்பார்கள். மூட்டை மருதாசலம் என்று சொல்லிவிட்டால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிடுவார்கள். இருபது தையல் மெஷின் ஓடுகிற சொந்த யூனிட் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பட்டம் அவரை விட்டுப் போகவில்லை. எல்லாம் அவருடைய டிவிஎஸ் ஐம்பது செய்த வேலை. வெட்டின பனியன் துணி பீஸ் கட்டுகளைத் தலைக்கு மேல் நிற்கும்படி பின்னால் அடுக்கிக்கொண்டு, சீட்டின் நுனியில் விரற்கடை இடத்தில் உட்கார்ந்து போவார். பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு மூட்டை மட்டும் தனியாக ரோட்டில் போகிற மாதிரி இருக்கும்.

அந்தப் பட்டத்தில் தனக்கு வருத்தமே இல்லை என்பதுபோல்தான் வெளியே காட்டிக்கொள்வார். உள்ளே இருந்தது. மூட்டை சுமந்துதான் யூனிட் வந்தது, மூட்டை சுமந்துதான் மகள் கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறாள், எல்லாம் சரி. அதற்காக ஒரு மனுஷனுக்கு ஒரு நாளாவது மூட்டை இல்லாமல் ரோட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்காதா?

வெளிநாட்டுக்கு இத்தனை பனியன்தான் அனுப்பலாம் என்றிருந்த கோட்டாவை எடுத்துவிட்ட வருஷம் அது. திருப்பூருக்கே கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தடியில் மருதாசலத்துக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஒரு பெரிய ஜாப் ஒர்க் வந்தது. கறுப்பு டீ சர்ட், அதன் நெஞ்சில் ஒரு படம். முகப்புக் கண்ணாடி வைத்த பெரிய பைக் ஒன்று மலைப்பாதையில் சாய்ந்து திரும்புகிறது, கீழே பள்ளத்தாக்கில் ஒரு ஏரி. ஏதோ ஒரு ஐரோப்பிய ஊர். சீசன் முழுக்க அந்த மலையும் ஏரியும் மெஷினுக்கு மெஷின் நகர்ந்து, கடைசியில் செக்கிங் மேஜையில் அவர் மனைவி சாரதாமணியின் கைக்கு வந்து சேர்ந்தன. ஒரு தையல் விட்டிருந்தாலும் தூக்கி எறிந்துவிடுகிற கை அது. ஒரு பீஸ்கூடத் திரும்பி வராமல் சரக்கு கப்பல் ஏறியது. மருதாசலம் மட்டும் அந்தப் படத்திலிருந்து இறங்கவே இல்லை.

"ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கறேன்" என்றார் ஒருநாள் சாப்பாட்டில்.

"லோடு ஆட்டோவுங்களா?"

"இல்ல. பைக்கு. கரிஸ்மா."

சாரதாமணி அவர் தட்டில் ரசத்தை ஊற்றினாள். "ஆசை இருந்தா வாங்குங்க. ஓட்டறதுக்குத்தான வாங்கறீங்க?"

ஓட்டுவதற்குத்தான். ஆனால் அதில்தான் ஒரு சங்கதி இருந்தது. டிவிஎஸ் ஐம்பதில் கியர் கிடையாது, கிளட்ச்சும் கிடையாது. இரண்டு கையிலும் பிரேக். இடது கையை இறுக்கினால் வண்டி நிற்கும். மருதாசலத்துக்கு விவரம் தெரிந்த நாள் முதலாக அப்படித்தான் நின்றிருக்கிறது. கியர் வண்டியில் இடது கையில் இருப்பது கிளட்ச். அதை இறுக்கினால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்து வண்டி தன்பாட்டுக்கு உருளும். பின் சக்கரத்துக்குப் பிரேக் வலது காலடியில் இருக்கிறது. இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்தார். அவரும் யாரிடமும் சொல்லவில்லை, இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிற மனிதரிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஷோரூமில் மட்டும் ஒரு பையன் கேட்டான். "கியர் வண்டி பழக்கந்தானுங்களே?"

"இருபது வருசமா ரோட்டுலதானுங்க இருக்கறேன்" என்றார் மருதாசலம். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மஞ்சள் வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஷோரூமிலிருந்து நல்லூர் வரை முதல் கியரிலேயே அலற அலற ஓட்டி வந்து சேர்ந்தார். தெருமுனையில் திரும்பியபோது சனம் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. சாரதாமணி ஆரத்தித் தட்டோடு நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. மருதாசலத்தின் இடது கை, அது இத்தனை வருஷமாகச் செய்த வேலையைச் செய்தது. வண்டி நிற்கவில்லை. நேராகப் போய், அதே தெருக்காரர் லிங்கசாமியின் வேஸ்ட் குடோனுக்கு வெளியே அடுக்கியிருந்த பனியன் வேஸ்ட் மூட்டைகளுக்குள் முகம் புதைத்துக்கொண்டது.

வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. மனுஷனுக்கும் இல்லை. லிங்கசாமி சாவகாசமாக வெளியே வந்து பார்த்தார்.

"ஏனுங்க மருதாசலம், புது வண்டிக்கும் மூட்டை மேல இருக்கற பாசம் போகலீங்களே?"

"பிரேக் எப்படிப் புடிக்குதுன்னு பாத்தேனுங்க."

"நெம்ப நல்லாப் புடிக்குதுங்க. பிரேக்கு இல்ல, என்ற மூட்டை."

தெருவே சிரித்தது. சாரதாமணி சிரிக்கவில்லை. கற்பூரம் அணைந்துபோன தட்டை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, உங்களுக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியுமுங்களா?"

"தெரியாமயா வாங்குவேன்?"

"அப்பச் சரிங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. ஏற மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சிவன்மலைக்குப் போக வேண்டுமா, "நான் பஸ்ஸுல போயிக்கறேனுங்க." காங்கேயத்தில் கல்யாணமா, "பஸ்ஸு நேரா போகுதுங்களே." மரியாதையாகச் சொல்லப்பட்ட மறுப்புக்குப் பதில் சொல்லவே முடியாது. சண்டை போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பார்.

ஓட்டுவதற்கு ரோடு தேட ஆரம்பித்தார் மருதாசலம். அதுவும் லேசுப்பட்ட காரியமாக இல்லை. அவருக்குத் தெரிந்த ரோடெல்லாம் வேலைக்குப் போன ரோடு. சோமனூர் ரோடு என்றால் தறிக்காரர்கள், பெருமாநல்லூர் ரோடு என்றால் தையல் கூலி பாக்கி கேட்டுப் போனது. டீக்கடையில் நின்றுகொண்டு, "இந்தப் பக்கம் அழகான ரோடு எதுங்க?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியைத் திருப்பூரில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"அழகுன்னா? குழி இல்லாத ரோடுங்களா?" என்றார் லிங்கசாமி.

மருதாசலத்தின் கட்டிங் மாஸ்டர் குருசாமி ராஜபாளையத்துக்காரர். அவரையும் கேட்டுப் பார்த்தார். "ஊருக்குப் போறப்ப பஸ்ஸுல ஏறுனதும் தூங்கிருவேன் மொதலாளி. முழிச்சா எங்கூரு. நடுவுல ரோடு இருக்குன்னு சொல்லுதாக" என்றார் குருசாமி.

சரி, நாமே தேடிக்கொள்வோம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பினார். ஊதியூர் மலையைச் சுற்றிப் போகிற ரோட்டில் மூன்றாவது கியர் பிடிபட்டது. குண்டடம் பக்கம் காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் சுற்றிக்கொண்டிருக்கிற பொட்டல் காட்டில் நான்காவதும் ஐந்தாவதும் வந்தன. உடுமலைக்கு அப்பால், பிஏபி பாசன வாய்க்கால் கரையோடு தென்னந்தோப்புக்குள் ஒரு ரோடு போகிறது. வெயில் அங்கே ரோட்டில் பொட்டுப் பொட்டாகத்தான் விழுகிறது. அதில் முதல் தடவை போனபோது மருதாசலம் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தார். தன் காசில் தானே வாங்கின நிலத்தைச் சுற்றிப் பார்க்கிற சந்தோஷம் அது. முதுகுக்குப் பின்னால் எதுவும் இல்லை, எந்த யூனிட்டிலும் யாரும் பீஸுக்காகக் காத்திருக்கவில்லை.

இடது கையும் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் நாய் குறுக்கே வந்தாலோ, பஸ் திடீரென்று நின்றாலோ அது பழையபடி முந்திக்கொள்ளும். அதை மட்டும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு சாயங்காலம் வந்ததும் பார்த்ததையெல்லாம் செக்கிங் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொல்வார். சாரதாமணி பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டுக்கொள்வாள். கார்த்திகையில் ஒருநாள் ஆழியாறு வரை போனதைச் சொன்னார். "அணைக்கட்டுல நின்னு பாத்தா மலைல ரோடு ஏறறது தெரியுது புள்ள. வளைஞ்சு வளைஞ்சு வால்பாறைக்குப் போகுது. அடிவாரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

"ஏனுங்க, ஏறலீங்களா?"

"தனியா ஏறப் புடிக்கல."

சாரதாமணியின் கை நின்றது. பீஸை மடித்து வைத்தாள். "வண்டி நல்லாப் பழகிருச்சுங்களா?"

"தண்ணி பட்ட பாடு" என்றார் மருதாசலம்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் இரண்டு பேரும் வால்பாறை ரோட்டுக்குக் கிளம்பினார்கள். லிங்கசாமி பல் துலக்கிக்கொண்டே வழியனுப்பினார். பல்லடம் தாண்டியதும் சாரதாமணி அவர் முதுகில் தட்டினாள்.

"ஏனுங்க, பின்னால மூட்டை இல்லீங்க, நாந்தான் இருக்கறேன். சித்தெ பின்னால தள்ளி உக்காருங்க."

அப்போதுதான் கவனித்தார். அத்தனை பெரிய சீட்டில் டேங்க்கை ஒட்டி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார். நகர்ந்து உட்கார்ந்ததும் அவள் கை அவர் தோளுக்கு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து டிவிஎஸ்ஸில் அவர்களுக்கு நடுவே எப்போதும் ஒரு கட்டு பீஸ் இருந்தது. பொள்ளாச்சி ரோட்டுப் புளியமரங்களுக்கு அடியில் அந்தக் கையைச் சுமந்துகொண்டு போனார் மருதாசலம். இதற்காகவே இன்னொரு வண்டி வாங்கலாம் என்று நினைத்தார்.

வண்டி மலை ஏறத் தொடங்கியது. முதல் சில கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு குறையும் இல்லை. ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் கீழே அணையின் தண்ணீர். ஒரு வளைவு ஏறிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு ஜீப் ஹாரன் இல்லாமல் இறங்கி வந்தது. மருதாசலம் பயந்தார். பயந்ததும் இடது கை இறுகியது. இன்ஜின் வெறுமனே உறுமியது, வண்டி நின்று, பின்னோக்கி உருள ஆரம்பித்தது. சாரதாமணி குதித்துவிட்டாள். ஜீப் விலகிப் போனது. காலை ஊன்றி, முன் பிரேக்கை இறுக்கி, எப்படியோ வண்டியை நிறுத்தினார். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"சரளைக் கல்லு" என்றார்.

சாரதாமணி ரோட்டைப் பார்த்தாள். சரளைக்கல் ஒன்றும் இல்லை. மறுபடி ஏறி உட்கார்ந்தாள். கை அவர் தோளுக்கு வரவில்லை, பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டது.

அட்டகட்டியில் டீ குடித்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் பனி இறங்கியிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள். "நீங்க வண்டில வாங்க. நான் கீழ பஸ்ஸுல வர்றேனுங்க."

மருதாசலம் நினைத்துப் பார்த்தார். பொண்டாட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அந்த பஸ்ஸுக்குப் பின்னால் காலி சீட்டோடு இறங்க வேண்டும். பஸ் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். அதுகூடப் பரவாயில்லை. இன்றைக்கு அவள் பஸ்ஸில் இறங்கிவிட்டால் இனி இந்த வண்டியில் ஏறவே மாட்டாள். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தோளில் இருந்த கை போனது போனதுதான்.

"உனக்கு அதுதான் சவுகரியம்னா வா" என்றார் விறைப்பாக.

பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. சாரதாமணி பையை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் ஒரு காலை வைத்தாள். மருதாசலம் பின்னாலேயே போனார். அவளைத் தடுக்கத்தான் போனார். வாயில் வந்தது வேறு.

"சாரதா, நீ பயப்படறது சரிதான். அங்க சரளைக் கல்லு இல்ல. எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாமத்தான் இதை வாங்கினேன். இப்ப ஓட்டறேன். ஆனா பயந்தா இடது கை டிவிஎஸ்ஸுன்னு நெனச்சுக்குது. இறக்கத்துல அப்படி ஆனா வண்டி நிக்காது. நீ பஸ்ஸுலயே போ. நான் மெதுவா வர்றேன்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சாரதாமணி புருஷன் முகத்தையே பார்த்தாள். பிறகு காலைப் படியிலிருந்து எடுத்தாள்.

"நீங்க போங்கண்ணா" என்றாள் கண்டக்டரிடம்.

பஸ் போய்விட்டது. "இதை வாங்கின அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே ஏறியிருப்பேனுங்க" என்றாள். "ஓட்டத் தெரியாதவங்க பின்னால உக்காரலாம். தெரியாததைத் தெரியுமுன்னு சொல்றவங்க பின்னால எப்படி உக்கார்றது? சரி, எது பிரேக்கு, காட்டுங்க."

காட்டினார். வலது காலடியைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு வளைவுக்கும் நான் சொல்றேன். நான் சொன்னதும் காலை அமுத்துங்க. கையைப் பத்தி நெனைக்கவே வேண்டாம்."

இறங்கினார்கள். வளைவு கண்ணில் பட்டதும் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "காலு!" மருதாசலம் காலை அமுத்தினார், வண்டி அடங்கித் திரும்பியது. அடுத்த வளைவு. "காலு! காலுங்க!" செக்கிங் மேஜையில் இருபது மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். காடே கேட்டது. பாறையிலிருந்த குரங்குகள் எழுந்து பார்த்தன. எதிரே ஏறி வந்த காரில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார்கள். கோயமுத்தூர்ப் பையன்கள் நாலைந்து பேர் பைக்கில் முந்திக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தார்கள். மருதாசலத்துக்கு முதல் இரண்டு வளைவுகளில் மானம் போனது. மூன்றாவதில் மானத்தைப் பற்றி நினைக்க நேரமில்லை. அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டினார், அவ்வளவுதான்.

பாதிக்குமேல் இறங்கியிருப்பார்கள். ஒரு வளைவில், ரோட்டை முழுவதும் அடைத்துக்கொண்டு ஒரு லாரி ஏறி வந்தது. பின்னாலிருந்து சத்தமே இல்லை. மருதாசலத்தின் வலது கால் அமுங்கியது, வலது கை விரல்கள் மெல்ல இறுகின, வண்டி பாறையை ஒட்டி ஒதுங்கி வேகம் குறைந்தது, கடைசியில்தான் இடது கை தன் வேலைக்கு வந்தது. நின்றார். லாரிக்காரர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உரசாமல் ஏறிப் போனார்.

"ஏம்புள்ள, நீ சொல்லவே இல்ல?"

"லாரியைப் பாத்ததும் எனக்கு வாயே அடைச்சுப்போச்சுங்க."

அப்படியானால் அது அவராகவே செய்தது. மருதாசலம் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் டிவிஎஸ் வாங்கின நாளில்கூட இத்தனை பெருமை அவருக்கு வந்ததில்லை.

ஒன்பதாவது வளைவில் எல்லோரும் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற இடம் இருக்கிறது. ஆழியாறு அணை முழுவதும் அங்கிருந்து தெரியும். முந்திப்போன பையன்கள் அங்கேதான் நின்றிருந்தார்கள். மருதாசலம் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அவர்களில் ஒருவன் சாரதாமணியிடம் வந்தான். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்கம்மா, காலு காலுன்னு சத்தம் போட்டுட்டே வந்தீங்களே, என்னாச்சுங்க?"

மருதாசலம் வாயைத் திறப்பதற்குள் சாரதாமணி சொல்லிவிட்டாள். "ஒண்ணுமில்லீங்க கண்ணு. உக்காந்து உக்காந்து என்ற காலு மரத்துப்போச்சு. அதைத்தான் இவருகிட்டச் சொல்லீட்டு வந்தேன்."

ஒரு தையல் விட்ட பீஸைக்கூட நல்லது என்று சொல்லாதவள், கண்ணைச் சிமிட்டாமல் அதைச் சொன்னாள். பையன் நம்பிவிட்டான். மருதாசலம் பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். வண்டி வாங்கின அன்றைய மருதாசலம் பேசாமல்தான் இருந்திருப்பார்.

"இல்லீங்க தம்பி" என்றார் சத்தமாக, மற்ற பையன்களுக்கும் கேட்கும்படி. "அவ காலு நல்லாத்தான் இருக்குது. எனக்குக் கியர் வண்டி புதுசு. பிரேக்கு எங்க இருக்குதுன்னு மறந்து மறந்து போகுது. எனக்கு நல்லா ஓட்ட வராதுன்னு தெரிஞ்சும், வந்த பஸ்ஸை அனுப்பிச்சுட்டு என்ற பின்னால ஏறி உக்காந்தா. ஒவ்வொரு வளைவுக்கும் சொல்லிச் சொல்லிக் கூட்டியாந்தா. உங்கள்ல யாருக்காவது அப்படி ஒருத்தர் பின்னால உக்காருவாங்களா, சொல்லுங்க பாக்கலாம்?"

பையன் அடக்கி வைத்திருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "இல்லீங்கண்ணா" என்றான். தன் வண்டியின் காலி சீட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

சாரதாமணி அணையைப் பார்க்கிற மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் நின்று பார்க்கலாம் என்றுதான் மருதாசலம் நினைத்தார். பையன்கள் வண்டியைப் பற்றி ஏதேதோ கேட்டார்கள், அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதற்குள் வண்டியருகே போய், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின் சீட்டின் மேல் ஒரு கையை வைத்து நின்றாள், அசந்தால் வேறு யாராவது வந்து ஏறிவிடுவார்கள் என்பதுபோல.